மாமாவுக்காக நீ காய்ச்சிய பீர்

திட்டும்போதுகூட என்னைக் ‘கண்ணு’ என்றே கூப்பிட்ட என் கஸ்தூரி அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். போன வாரம் உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். வந்தவர்களுக்கு அவரே இலை போட்டார், அவரே தண்ணீர் வைத்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் டிரிப்புக்குக் கிளம்பிவிட்டார். நான் வாசலில் நின்று தெருமுனை வரைக்கும் அவர் நடையைப் பார்த்தேன். கோணாத நடை. ஒரு வருஷமாக வயிற்றில் கட்டியிருந்த நெருப்பை அப்போதுதான் இறக்கிவைத்தேன்.

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் அக்கா. நீ உயிரோடு இருந்தவரை ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்த விஷயம். பள்ளிக்கூட வேலைக்கு ஆபத்து என்று வாயைத் திறக்காமல் இருந்தோம். இனி உன் வேலையை யார் பறிக்க முடியும்? எழுதட்டுமா என்று மாமாவைக் கேட்டேன். “எழுதும்மா. என் மானம் போனா போவட்டும். அவ பண்ணது நாலு பேருக்குத் தெரியணும்” என்றார்.

உனக்குத் தெரியாத ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புதிதாக ஒரு பிராந்திக் கடை வந்திருக்கிறது. போர்டு மாட்டி, டியூப் லைட் போட்டு, பட்டப்பகலில் பீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி விற்கிறார்கள். நாம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வெளியில் செருப்புச் சத்தம் கேட்டாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த ஒன்று, இப்போது கமர்கட்டு மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

மதுவிலக்கு மறுபடி வந்திருந்த காலம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை நீதான் வைத்துக்கொண்டாய். பேகோபுரத் தெருவில் அந்த ஓட்டு வீடு, பின்கட்டில் மாடி அறை. நீ பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சர். மாமா கீழ்பென்னாத்தூர் ரூட்டில் பிரைவேட் பஸ் டிரைவர். நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். உங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை ஊர்தான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் இருவரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

பகலில் மாமா சொக்கத் தங்கம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரை ஒரு சொட்டு தொடமாட்டார். கடைசி டிரிப் முடிந்ததும் அடி அண்ணாமலையைத் தாண்டிக் காட்டோரம் இருந்த சாராயக் குடிசைக்குப் போய்விடுவார். மாமாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஏழுமலையும் கூடப் போவார். ஒருநாள் மாமாவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்துவிட்டார். ஏழுமலை மட்டும் போனார். அன்றைக்கு அங்கே என்னத்தைக் கலந்திருந்தார்களோ, மறுநாள் காலையில் ஏழுமலைக்குக் கண் தெரியவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாய். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாய்.

“ஏழுமலைய பாத்துட்டு வரேன். கண்ணு ரெண்டும் தெறந்துதான் இருக்கு. எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியல அவருக்கு.”

மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. “நானும் உட்றணும்னுதான் பாக்கறேன் கஸ்தூரி. சாயந்திரம் ஆனா கால் அந்தப் பக்கமே இஸ்துகினு போவுது. நான் இன்னா பண்ணட்டும்?”

நீ அழுவாய், இல்லை கத்துவாய் என்று நினைத்தேன். நீ அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாய். “சரி. கால் வீட்டுக்கே வரட்டும். நீங்க குடிக்கறத நான் செஞ்சு தரேன்” என்றாய்.

எனக்கு விக்கல் வந்துவிட்டது. மாமா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

சாராயம் வேண்டாம், போதை கம்மியான பீர் என்று முடிவு செய்தாய். எப்படிச் செய்வது என்று உனக்கும் அன்றைக்குத் தெரியாது. மாடி அறையில் குடியிருந்த மார்த்தாம்மாவிடம்தான் போய்க் கேட்டாய். மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த அம்மாள். வெள்ளைப் புடவையைச் சாக்குக் கட்டின மாதிரி சுற்றிக்கொண்டு, ‘கஞ்சி’, ‘போதும்’, ‘மெதுவா’ என்ற மூன்று சொற்களை வைத்தே ஊரில் காலம் தள்ளியவள். அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நீதான் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் பார்த்தாய். பீர் என்று நீ ஆரம்பித்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாயை விரித்து உன்னை உட்காரச் சொன்னாள்.

அவள் ஊரில் அவளுடைய அம்மா ரொட்டி சுடுகிற நாளில் பீரும் ஊறப்போடுவாளாம். அது அங்கே அடுப்படி வேலைதானாம். “உனக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்து மூன்று வழி இருக்கிறது” என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்தவருக்கு ஒன்று. சமைக்கத் தெரிந்தவருக்கு ஒன்று. தானியத்தை அறிந்தவருக்கு ஒன்று. நீ கீழே இறங்கி வருவதற்குள் அவற்றுக்கு உன் பாஷையில் பேர் வைத்துவிட்டாய். ஒண்ணாங்கிளாஸ், எட்டாங்கிளாஸ், எஸ்.எஸ்.எல்.சி.

“நேரா எஸ்.எஸ்.எல்.சி.யே எழுதிடலாமே அக்கா” என்றேன்.

“ஒண்ணாங்கிளாஸ்ல கை சுத்தம் கத்துக்காதவ எஸ்.எஸ்.எல்.சி.ல ஊசிப்போன கஞ்சிதான் காய்ச்சுவா” என்றாய்.

ஒண்ணாங்கிளாஸ் சுலபம்தான். நோயில் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க மருந்துக் கடையில் விற்பார்களே, தேன் மாதிரிக் கெட்டியாக, பழுப்பு நிறத்தில், மால்ட் பாகு. தானியத்தை முளைகட்டிச் சாரெடுத்துச் சுண்டவைக்கிற வேலையை யாரோ நமக்காக முன்பே செய்து டின்னில் அடைத்துவிட்டார்கள். அதைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, சர்க்கரை சேர்த்து, நன்றாக ஆறவிட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, துணியால் வாயைக் கட்டி இருட்டில் வைக்கவேண்டும். நுரைத்துப் பொங்கும். பொங்கல் அடங்கி வண்டல் கீழே இறங்கினதும் தெளிவை மட்டும் பாட்டிலில் நிரப்பி, பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு மூடவேண்டும். அந்தச் சர்க்கரைதான் உள்ளே காற்றை உண்டாக்கும். திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வருவது அதனால்தான்.

ஈஸ்ட்டுக்கு நாம் கரீம் பாய் பேக்கரிக்குப் போனோம். மூன்று தலைமுறையாக ஊருக்கு பன் சுட்டுக் கொடுக்கிற குடும்பம். “இன்னா டீச்சரம்மா, பொண்ணுங்களுக்கு ரொட்டி பண்ணச் சொல்லித் தரீங்களா?” என்று பாய் கேட்டார். “மாவு எப்படிப் பொங்குதுன்னு பாக்கப்போறோம் பாய்” என்றாய். பொய் சொல்லாமல் தப்பிக்க உனக்கு நன்றாகத் தெரியும். அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “சூடு ஜாஸ்தியானா செத்துப்பூடும், பாத்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பினார்.

முதல் ஜாடி பாழாய்ப் போனது. கலக்கின கரண்டியை வெந்நீரில் போட மறந்திருந்தோம். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினார். “இன்னாது இது, நாலு நாள் பழசான நீராகாரம் மாதிரி கீது!” என்றார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு அவர் குடிசைக்குத்தான் போனார்.

மறுநாளே அடுத்த ஜாடியைக் கழுவினாய். இந்தத் தடவை கரண்டி, ஜாடி, துணி, பாட்டில், மூடி எல்லாம் வெந்நீரில் குளித்தன. சித்திரை வெயிலில் மலைப்பாறை காய்ந்து ஊரே தோசைக்கல்லாகக் கிடந்தது. ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காய்ந்தால் நனைத்து, காய்ந்தால் நனைத்து, பிள்ளைக்குக் காய்ச்சலடித்த மாதிரி பார்த்துக்கொண்டோம். சூடு கூடினால் பொங்குவது சீக்கிரம் பொங்கும், ஆனால் குடித்தவனுக்குத் தலை பிளக்கும் என்று மார்த்தாம்மா சொல்லியிருந்தாள். அந்த பாட்டிலைத் திறந்தபோது ‘புஸ்’ என்றது. மாமா மோந்து பார்த்தார். குடித்தார். மீசையில் நுரையோடு, “தித்திப்பு ஜாஸ்தி. ஆனா குடிக்கலாம்” என்றார். அடுப்படிக்குள் போய் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எட்டாங்கிளாஸில் கசப்பு வந்தது. மார்த்தாம்மாவின் ஊரில் ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவைப் போடுவார்களாம். அவளுக்கு வந்த பார்சலில் அந்தக் காய்ந்த பூ ஒரு பொட்டலம் வந்தது. அது தீர்ந்த பிறகு நீ வேப்பம்பூவைப் போட்டாய். கொதிக்கும்போது ஆரம்பத்தில் போட்டால் கசப்பு நிற்கும், கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். டின் பாகைப் பாதியாகக் குறைத்துவிட்டு, முளைகட்டி வறுத்த கேழ்வரகைக் கரகரவென்று உடைத்து, துணியில் மூட்டை கட்டி வெந்நீரில் ஊறவைத்து அந்தச் சாற்றைச் சேர்த்தாய். நிறம் கருத்தது. தித்திப்பு அடங்கியது. மார்த்தாம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “எங்கள் ஊர் பீர் மாதிரி இல்லை. ஆனால் இது பீர்தான்” என்றாள். மாநிலத்தில் முதல் மார்க் வாங்கின மாதிரி நீ முகம் சிவந்துபோனாய்.

எஸ்.எஸ்.எல்.சி.க்கு வந்தபோது டின்னே கிடையாது. முழுக்க முழுக்க முளைக் கேழ்வரகு. பின்கட்டு மொட்டைமாடியில் காயப்போட்டோம், யாராவது கேட்டால் சத்துமாவு. உடைத்த மாவை வெந்நீரில் கரைத்து அதே சூட்டில் வைத்திருக்கவேண்டும். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. விரலை வைத்தால் தானாக இழுத்துக்கொள்ளும் சூடு. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுப்பதும் தள்ளுவதுமாக நான் உட்கார்ந்திருப்பேன். மாவிலிருக்கிற மாச்சத்து எல்லாம் சர்க்கரையாக மாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புண்ணுக்குப் போடுகிற டிங்க்சர் அயோடினை எடுத்து வந்தாய். பீங்கான் தட்டில் ஒரு துளி கரைசல், அதன்மேல் ஒரு துளி டிங்க்சர். நீலமாக மாறினால் இன்னும் பொறு. நிறம் மாறாவிட்டால் இறக்கு. வகுப்பில் உருளைக்கிழங்கை வைத்துச் செய்துகாட்டுவாயே, அதே பாடம்.

நீ ஏன் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. டின் பாகில் போதை எவ்வளவு என்று உன்னால் பிடித்துவைக்க முடியவில்லை. தானியம் கைக்கு வந்ததும் பிடி உன்னிடம் வந்தது. மாவு கம்மி, தண்ணீர் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கம்மி. அதையும் ஒளிக்கவில்லை நீ.

“இந்தத் தடவ மாவு கம்மி பண்ணியிருக்கேங்க.”

“தெரியுது தெரியுது. இப்டியே போனா தீபாவளிக்குப் பச்சத்தண்ணிதான் குடுப்ப நீ.”

முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். ஆனால் கடைசி டிரிப் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். வந்து முற்றத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு பஸ்ஸில் ஏறின ஆட்டுக்குட்டியைப் பற்றியும் சண்டை போட்ட சம்பந்திகளைப் பற்றியும் கதை சொன்னார். அவருக்கு இவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா அக்கா? அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாயா?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

நீ துணி துவைத்துக்கொண்டிருந்தாய். வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம். ஏட்டு வந்து நின்றார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றார். பேர் சொல்லவில்லை. நீ ஈரக் கையோடு வந்து நாற்காலியை எடுத்துப் போட்டாய்.

“உக்காருங்க ஏட்டையா. காபி சாப்பிடறீங்களா?”

“காபியெல்லாம் வேணாம் டீச்சர். வாசன ஒரு மாதிரியா கீதே.”

“கேழ்வரகு முளைகட்டியிருக்கோம்.”

அவர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே சாமான் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு பாட்டில் வெடித்தது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கண்ணாடி சிதறுகிற சத்தம், கதவடியில் மெல்ல ஊர்ந்து வந்த நுரை. அந்தத் தடவை பாட்டிலில் போட்ட சர்க்கரை அந்த வெயிலுக்குக் கொஞ்சம் கூடிவிட்டிருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். உன் வேலை, பள்ளிக்கூடம், நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது என்று எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் ஓடியது.

மாமா பின்கட்டிலிருந்து வந்தார். சட்டைகூடப் போடவில்லை. நேராக ஏட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, அது என்னுது. நான்தான் பண்ணேன். இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. என்னைக் கூட்டினு போங்க.”

“இல்ல ஏட்டையா” என்றாய் நீ. “அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. செஞ்சது நான்.”

“கஸ்தூரி, நீ வாய மூடு.”

“நீங்க சும்மா இருங்க. அதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டா உங்களால பதில் சொல்ல முடியுமா?”

ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாமான் அறைக்குள் போனார், பார்த்தார், வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“வெளிய விக்கறீங்களா?”

“இல்ல. இவருக்கு மட்டும்தான்.”

 ஏட்டு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: “உன்ன அந்தக் குடிசைங்க பக்கம் பாத்து ரொம்ப நாளாச்சே, ஊரவிட்டே பூட்டியான்னு நெனச்சேன். இப்பத்தான் புரியுது.” பிறகு உன் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் என் கண்ணெதிர்ல கொட்டிடுங்க டீச்சர். நான் ஒண்ணும் பாக்கல. அடுத்த தடவ நான் வரமாட்டேன், வேற ஆள் வருவான். அவன் பாப்பான்.”

நீ ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து சாக்கடையில் கொட்டினாய். கொல்லை முழுக்க நுரை. அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு நீ கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நானும் உட்கார்ந்தேன். தப்பித்தோம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயமாக இருந்தது. மாமா வந்து உன் பக்கத்தில் குந்தினார்.

“வேணாம் கஸ்தூரி. இனிமே ஊறப்போடாத. எனக்காக நீ ஜெயிலுக்குப் போறதப் பாக்கறதுக்கு நான் செத்துப்பூடலாம்.”

“அப்ப சாயந்திரம் கால் எங்க போவும்?”

“தெரியல” என்றார் மாமா. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். சத்தியம் கித்தியம் செய்யவில்லை அவர்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. மாமாவுக்குக் கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. லீவு போட்டுவிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாய். நீ செய்த பீரைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் உன்னைத் திட்டியதையும் வாங்கிக்கொண்டாய். அவர் மாத்திரை கொடுத்தார். மாமா ஒருதரம் தவறினார். குடிசைக்குப் போய் வந்து, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே படுத்துக்கொண்டார். நீ தலையணையை மட்டும் கொண்டுபோய் வைத்தாய். அடுத்த நாள் அவராகவே டாக்டரிடம் போனார்.

ஆடி மாசம் என்று நினைக்கிறேன். மத்தியானம் ஆபீசில் இருந்தபோதே சேதி வந்துவிட்டது. அந்தக் குடிசையில் குடித்தவர்களை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள், சிலர் வழியிலேயே போய்விட்டார்கள் என்று. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். நீ எனக்கு முன்னாலேயே தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாய், செருப்பில்லாமல்.

பஸ் ஸ்டாண்டில் மாமாவின் வண்டி இல்லை. “மத்தியான டிரிப்பே வரலம்மா” என்றார் டைம் கீப்பர். வண்டியில் ஏற்றினவர்களில் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் இருந்தார் என்று யாரோ ஒரு பெண்பிள்ளை சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நீ கால்களைப் பார்த்துக்கொண்டே போனாய். மாமாவின் கணுக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இருக்குமே, அதைத் தேடினாய். ஒவ்வொரு காலாக. நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஒவ்வொரு காலைத் தாண்டும்போதும் உன் தோள் கொஞ்சம் இறங்கும். அடுத்த காலுக்கு முன்னால் மறுபடி ஏறும். கடைசிக் கால் வரை பார்த்தோம். தழும்பு இல்லை.

அழுதுகொண்டிருந்த மற்ற பெண்களுக்கு நடுவில் நின்று நமக்கு நிம்மதிப்படக்கூட மனசு வரவில்லை. அதோடு மாமா அங்கேயும் இல்லை, வேறெங்கேயும் இல்லை. கீழ்பென்னாத்தூர் சாலை ஊருக்குள் நுழைகிற இடத்தில் போய் நின்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வந்த ஒவ்வொரு லாரியையும் நீ கையைக் காட்டி நிறுத்தி விசாரித்தாய்.

அப்புறம் அந்த பஸ் வந்தது. ஊர்ந்து, புகைந்து, மூக்கால் அழுதுகொண்டு வந்தது. உன்னைப் பார்த்ததும் மாமா பிரேக் போட்டார். கையெல்லாம் கிரீஸ், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம்.

“கீழ்பென்னாத்தூர்ல ரேடியேட்டர் பூட்ச்சு. மெக்கானிக் வர்ற வரைக்கும் அங்கியே குந்தினு இருந்தேன். இன்னாத்துக்கு இங்க நிக்கறீங்க?”

நீ படியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் போய், பஸ் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். “ஊதுங்க” என்றாய்.

“இன்னாடி இது, நடு ரோட்ல...”

“ஊதுங்கன்னு சொல்றேன்ல!”

ஊதினார். வேர்க்கடலை வாசனைதான். நீ அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறாயா அழுகிறாயா என்று தெரியாதபடி ஒரு சத்தம் போட்டாய். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் நின்றார். பஸ்ஸில் ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. சேதியைக் கேட்டதும் மாமா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். செத்தவர்கள் எல்லாம் அவர் கூட உட்கார்ந்து குடித்தவர்கள். “நானும் அங்கதான் குந்தினு இருந்திருப்பேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. நீ இருந்தவரை தொடவில்லை.

நீ இருந்தவரை. அதுதான் அக்கா என் பயம். ஒரு நெஞ்சுவலி, அரை நாள்கூட இல்லை, நீ போய்விட்டாய். அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆள். பிராந்திக் கடையோ பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு நேரே. எனக்குக் கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருந்தாலும், சாயந்திரம் ஆனால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஒரு கிண்ணம் குழம்பு, ஒரு முழம் பூ. உண்மையில் மோந்து பார்க்கப் போனேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

பங்குனியில் ஒருநாள் அவர் அந்தக் கடைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பாட்டில்களையே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். நான் தெருவின் இந்தப் பக்கமே நின்றேன்.  பிறகு அவராகவே திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். இருவரும் தேரடி வரை நடந்தோம்.

“கேட்டுடும்மா சாந்தா. இன்னாத்துக்கு மனசுக்குள்ள வச்சிகினு இருக்க?”

“வாங்கணும்னு இருந்துச்சா மாமா?”

“இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்.” கொஞ்ச தூரம் நடந்தார். “அவ்ளோ பாட்டில் வச்சிருக்கான். அதுல ஒண்ணுகூட எனக்குன்னு செஞ்சது இல்ல. எனக்குன்னு செஞ்சவ கொட்டிட்டா. நானும்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். அப்றம் இதப்போயி வாங்குவனா?”

அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் அக்கா. நீ போன பிறகு முதல் தடவையாக.

மார்த்தாம்மா போன மார்கழியில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாள். முழுக்க நரைத்துவிட்டது. நீ இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தேன், இருந்தும் நேராக வீட்டுக்குள் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள். கரீம் பாய் கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். உன்னிடம் படித்த பெண்கள் இரண்டு பேர் திதிக்கு வந்தார்கள். டீச்சர் கை சுத்தம் கை சுத்தம் என்று எங்கள் உயிரை எடுப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கு இதைப் படித்தால் தெரியும்.

இன்னொரு சேதி. என் வீட்டுக்காரருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. ஊரைவிட்டுப் போகவேண்டாம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். மாமாவை எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம், அசையமாட்டேன் என்கிறார். அதனால் வருகிற ஆவணியில் நாங்களே உன் வீட்டுக்குக் குடி வருகிறோம். என் பெண் சின்னவள் இப்போதே அடம் பிடிக்கிறாள், பஸ்ஸில் பெரியப்பா மடியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கவேண்டுமாம். மாமா ஹாரனைத் துடைத்து வைத்திருக்கிறாராம்.

நீ கவலைப்படாதே. சாயந்திரம் அவர் வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியும், அடுப்பில் ஏதாவது கொதிக்கும், அன்றைக்கு பஸ்ஸில் என்ன நடந்தது என்று கேட்க ஆள் இருக்கும். அவர் கதை சொல்லி முடிக்கிற வரை ஒருவரும் எழுந்து போகமாட்டோம். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
உன் கண்ணு,
சாந்தா